கல்தூள் விழுந்த ஒழுங்கையில் ஓர் ஆராய்ச்சி

திருகோணமலையில் இருந்த காலத்தில் ஒரு கருவாட்டுக்கார அக்காவின் வளவில், குசினிக்குப் பின்னால் நின்ற தகரக் கொட்டிலில் படுத்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. லொறியில் கிளீனராக, உப்பளத்தில் கூலியாக, வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவனாக இருந்துவிட்டு, கப்பலில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பித் துறைமுகத்துக்கு வந்தேன். கிடைத்தது கருவாடு புரட்டும் வேலை. கொட்டிலின் தகரம் பகலில் சுட்டது, மழைக்கு ஒழுகியது. அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

வளவு இருந்த ஒழுங்கை, ஒரு ஒடுங்கிய சந்து, கடலில் போய் முடியும். முடிகிற இடத்தில் ஒரு துண்டு மணல். அங்கேதான் அக்கா பரண் கட்டி நெத்தலியும் சூடையும் காயவைத்தார். புருஷன் கடலில் போய்ப் பல வருடங்கள். அந்த மணலும் பரணும்தான் அவருடைய சீவியம். மணலுக்கு மேற்கே, ஒரு வேலி தள்ளி, கல் உடைக்கும் யாட் ஒன்று இருந்தது. தெருவுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய கல்லை அங்கே உடைத்துக் குவிப்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் கருவாடு ஒழுங்காகக் காயும். அதே கச்சான்தான் மேற்கிலிருந்து கல்தூளை அள்ளிக்கொண்டு வந்து பரணில் கொட்டும். காலையில் வெள்ளியாகப் பரப்பிய நெத்தலி மாலையில் சாம்பலாகக் கிடக்கும்.

கிண்ணியாவிலிருந்து கருவாடு எடுக்க வரும் வியாபாரி ஒருநாள் ஒரு நெத்தலியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அக்கா, இதை நான் கறிக்கெண்டு வித்தா சனம் எனக்கு அடிக்கும். வீடு கட்டுறவனிட்டத்தான் கொண்டுபோய்க் குடுக்கோணும்."

"கழுவிப்போட்டு வில்லுங்கோவன்."

"கழுவின கருவாட்டை ஆர் வாங்குவான்? அதுக்கு நான் பச்சை மீனையே வாங்கிக்கொண்டு போயிடுவனே."

அக்காவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வியாபாரி அன்றைக்குப் பாதியைத்தான் எடுத்தார். அடுத்த முறை வரவில்லை.

அந்தக் கிழமைதான் யாட்டை மணல்வரைக்கும் நீட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. யாட் அங்கே வந்தால் பரணுக்கு இடமில்லை. அக்கா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியாக ஓர் அதிகாரி, "வாயால சொன்னாக் காணாது அம்மா. தூசு உங்கட பக்கம்தான் கூட விழுகுது எண்டு படிச்ச ஆக்கள் ஆராவது அளந்து சொல்லட்டும். கூட்டத்தில வைச்சுக் கதைப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். படித்த ஆட்களை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அக்கா திரும்பி வந்தார்.

படித்த ஆட்கள் தாங்களாகவே வந்தார்கள். குளிரூட்டிய வெள்ளை வானில்.

மூன்று பேர். முதலாமவர் கணிதப் பேராசிரியர், நாங்கள் பெரிய சேர் என்றோம். இரண்டாமவர் தூசையும் மரங்களையும் பற்றிப் படித்த ஒரு பெண், தூசு மிஸ். மூன்றாமவர் இளவயது விரிவுரையாளர். எந்த வீடு ஏழை, எந்த வீடு நடுத்தரம், எது பணக்கார வீடு என்று தரம் பிரிப்பது அவருடைய வேலை. அவர் வர்க்க சேர். அவர்கள் கண்டுபிடிக்க வந்தது இதுதான்: காற்றில் வரும் தூசு எந்த வீட்டில் கூட விழுகிறது, அங்கே நிற்கும் மரத்தை அது என்ன செய்கிறது, அந்த வீட்டுக்காரர் ஏழையா பணக்காரரா. இதைச் சொல்ல அந்த ஒழுங்கையில் ஒரு கோழியே போதும். ஆனால் கோழிக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைக்காது.

ஏணி தூக்க ஆள் தேடினார்கள். நான் போனேன். கருவாடு புரட்டுவதைவிடக் கூலி கூட. தூசு மிஸ் வாயகன்ற போத்தல்களைக் கம்பங்களில் கட்டச் சொல்வார், நான் ஏறிக் கட்டுவேன். பூவரசம் இலைகளைக் கிள்ளிப் பையில் போடச் சொல்வார், போடுவேன். அவர் இலையின் நுனியை இடுக்கியால்தான் பிடிப்பார். நான் என் கையால் கிள்ளியதை அவர் இடுக்கியால் பிடிப்பதில் என்ன சுத்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

பெரிய சேர் வானை விட்டு அதிகம் இறங்க மாட்டார். கதவைத் திறந்துவைத்து, மடியில் கணினியோடு இருப்பார். ஒருநாள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருக்குக் கற்பிக்கும் ஆசை வந்துவிட்டது.

"தம்பி, தாயம் தெரியுமோ?"

"சோழி உருட்டுறது தெரியும் சேர்."

அவர் வானுக்குள் இருந்த மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு விளக்கினார். அவர் சொன்ன தாயம் கணக்கில் வருகிற மேற்ரிக்ஸ், எண்களைப் பெட்டிபோல அடுக்குவதாம். குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். ஒரு வீட்டுக்கு ஒரு நிரை. ஒரு நிரலில் தூசு, இன்னொன்றில் இலை, இன்னொன்றில் வர்க்கம். கடைசியில் அந்தத் தாயத்துக்கு நேர்மாறு எடுத்தால், அதாவது முழுவதையும் ஒரு கணக்கால் புரட்டிப் போட்டால், எது எதற்குக் காரணம் என்று தானாக வெளியே வந்து விழும். சொல்லும்போது அவர் முகத்தில், சட்டியைத் திறந்து வாசம் பிடிப்பவனின் சந்தோஷம் இருந்தது. இத்தனை வீடுகளில் மனிதர் இருமுவதைக் கேட்டபோது அந்த முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

அவர்கள் போத்தல் கட்டுவதோடு நின்றிருந்தால் காரியம் கெட்டிருக்காது. மறுநாள் வர்க்க சேர் வீடு வீடாக வந்து என்னென்ன பொருள் இருக்கிறது என்று பதிவார் என்று ஒழுங்கைக்குச் செய்தி போனது.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் பேப்பரோடு எவன் வந்தாலும் அவன் நிவாரணம் வெட்ட வந்தவன். யுத்தத்துக்கும் வந்தார்கள், சுனாமிக்கும் வந்தார்கள், பிறகு ஒவ்வொரு உதவித் திட்டத்துக்கும் வந்தார்கள். வீட்டில் பிரிஜ்ஜைக் கண்டால் உதவி இல்லை. ஆகவே பிரிஜ்ஜைக் காணக் கூடாது. வழமையாகப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். இந்த முறை எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருவதால் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாமல் போனது.

விடியக் காலையில் ஆண்கள் டீவி, கேஸ் அடுப்பு, கிறைண்டர், நிற்கும் விசிறி எல்லாவற்றையும் தோளில் தூக்கிப் போய் வள்ளங்களில் ஏற்றினார்கள். இரண்டு பிரிஜ்ஜுகளை ஒரே வள்ளத்தில் நிமிர்த்தி வைத்து வலையால் மூடினார்கள். மணலில் விட்டால் தெரியும் என்று வள்ளங்களைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொஞ்சத் தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். ஒருவனுடைய அலுமாரி பாதியில் சரிந்து ஒரு கதவு கடலுக்குள் போய்விட்டது. அவன் தன் மனைவியைத் திட்டினான். அவள் அரசாங்கத்தைத் திட்டினாள்.

அக்காவும் தன் டீவியை என்னிடம் தந்து, "கொண்டுபோம்" என்றார்.

"அக்கா, உவர் நிவாரணத்துக்கு வரேல்ல. ஆராய்ச்சிக்கு."

"உமக்குத் தெரியாது தம்பி. பேப்பரோட வாறவன் எல்லாம் ஒண்டுதான்."

"உங்களுக்கு இவையின்ர அறிக்கைதானே வேணும்?"

"அது தூசுக்கு. இது பொருளுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேயும்."

நான் டீவியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏழைகளை எனக்குப் பிடிக்கும் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. தங்கள் தலையில் தாங்களே மண் அள்ளிப் போடும்போது அவர்களிடம் இருக்கும் கெட்டித்தனத்தை வேறு எதிலும் காண முடியாது.

வர்க்க சேர் அக்காவின் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் ஒரு கதிரையும் ஒரு பாயும் மட்டும் இருந்தன. சுவரில் டீவி நின்ற இடம் மட்டும் தூசு படியாமல் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பேப்பரில் "இல்லை" என்று எழுதினார். அக்கா அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எந்த ஊர் சேர்?"

"கொழும்பு."

"பிறந்தது?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"நான் ஈச்சிலம்பற்றில பிறந்தனான். எங்கட பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு தையல்காரி இருந்தவ. நீங்கள் அவவை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கிறியள். அவவின்ர மகன் பெரிய படிப்புப் படிக்கப் போனவன் எண்டு கேள்வி."

அவர் பேனையை மூடினார். "வேற வீட்டுக்குப் போகோணும்" என்றார். அந்த ஒரு சொல்லில் ஊர் வெளியே வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடக்கும்போது நான் சொன்னேன், "சேர், இந்தச் சனத்தின்ர பொருள் எல்லாம் அந்தா வள்ளத்தில கிடக்கு."

அவர் திரும்பாமல், "எனக்குத் தெரியும்" என்றார். "நீர் பெரிய சேரிட்ட ஒண்டும் சொல்லாதேயும்."

பின்னேரம் மேட்டுத் தெருவுக்குப் போனோம். பங்களாக்கள் இருக்கும் தெரு. ஏழைகள் நிவாரணத்துக்குப் பயந்தார்கள் என்றால் இவர்கள் வரிக்குப் பயந்தார்கள். ஒரு வீட்டிலும் கேற்றுக்கு உள்ளே விடவில்லை. கார் தம்பியுடையது, தம்பி கனடாவில். வீடு மனைவியின் தகப்பனுடையது. ஏசி வேலை செய்வதில்லை. "நாங்கள் ஏதோ கஞ்சியைக் குடிச்சுக்கொண்டு கிடக்கிறம் மகன்" என்று ஒரு பெரியவர் கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். அவருடைய நாய் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டிருந்தது. வர்க்க சேர் அதையும் சொன்னபடியே எழுதினார்.

சில கிழமை கழித்துப் போத்தல்களை இறக்கிப் பெட்டியில் அடுக்கி, அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கொண்டுபோனேன். பெரிய சேர் விறாந்தையில் கணினியின் முன்னால் முகம் சிவந்து இருந்தார்.

"இதென்ன இது? வர்க்க நிரல் முழுக்க ஒரே எண். மேட்டுத் தெருவும் ஒண்டு, ஒழுங்கையும் ஒண்டு, எல்லா வீடும் ஏழை. ஒரு நிரல் முழுக்க மாறாமல் இருந்தால் தாயத்துக்கு நேர்மாறு இல்லை. கணக்கு ஓடாது!"

"அதுதான் தரவு, சேர்" என்றார் வர்க்க சேர்.

தூசு மிஸ், "தூசு நிரலில் வித்தியாசம் நல்லாத் தெரியுது சேர். ஒழுங்கைப் போத்தல்களில்தான் கூட" என்றார்.

"தூசு மட்டும் எங்கட தலைப்பு இல்லையே மிஸ்."

நான் வளவுக்குப் போய் அக்காவிடம் இதைச் சொன்னேன். சொன்னது நன்மைக்கு என்று இல்லை. தன் கெட்டித்தனம் எங்கே போய் முடிந்திருக்கிறது என்று அவர் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். அக்கா பெட்டியைத் திறந்து நல்ல சீலையை எடுத்து உடுத்தினார்.

விடுதி விறாந்தையில் அவருக்கு யாரும் கதிரை காட்டவில்லை. நின்றபடியே பெரிய சேரிடம் சொன்னார்:

"ஐயா, என்ர வீட்டில டீவி இருக்கு. கேஸ் அடுப்பு இருக்கு. ஒழுங்கை முழுக்க ஒளிச்சு வைச்சது. நிவாரணத்தை வெட்டுறதெண்டால் என்னுடையதை வெட்டட்டும். வேற ஆரின்ர பேரையும் நான் சொல்ல மாட்டன். ஆனா தூசு எங்கட பக்கம்தான் எண்டு எழுதித் தாங்கோ. கூட்டம் வருது. பரணைப் பிடுங்கப் போறாங்கள்."

பெரிய சேர் முதல்முறையாக அவரை முழுதாகப் பார்த்தார். "அப்படியா? எல்லோருமே ஒளிச்சதோ? இது சுவாரசியமாக இருக்கே!" என்று வர்க்க சேர் பக்கம் திரும்பினார். "உமக்கு இது தெரியாதா?"

"தெரியாது, சேர்."

"தெரியாதோ?" என்றார் அக்கா. "தம்பி, நீர் அந்த வெள்ளைச் சதுரத்தைப் பாத்தனீர். உம்மட அம்மா எத்தின தரம் தையல் மெசினைக் கிணத்தடியில சாக்கால மூடி வைச்சவ! சின்னனில நீர் அதுக்கு மேல ஏறி இருந்து காவல் காத்தனீர் எண்டு அவவே எனக்குச் சொல்லிச் சிரிச்சிருக்கிறா. உமக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்? இவருக்குச் சொல்லும்."

தூசு மிஸ் போத்தல்களின் மூடிகளை இறுக்கத் தொடங்கினார், இறுக்கி வைத்தவற்றையே திரும்பவும். வர்க்க சேரின் காது மடல்கள் சிவந்தன. அவர் ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். மீண்டும் ஒருமுறை வீடுகளுக்குப் போய், வள்ளங்களுக்கும் போய், ஒரு நிரலைத் திருத்தி எழுதியிருக்கலாம். வானும் இருந்தது, ஏணி தூக்க நானும் இருந்தேன்.

"இந்த அம்மா என்னை வேறு யாரோ என்று நினைக்கிறார்" என்றார் அவர், செய்தி வாசிப்பவரின் தமிழில். "எனது தாயார் ஓர் ஆசிரியை. மேலும், ஒருமுறை பதிந்த தரவைப் பதில் சொன்னவரே வந்து மாற்றச் சொன்னால் ஆய்வின் நடுநிலைமை கெட்டுவிடும், சேர்."

பெரிய சேர் தலையை ஆட்டினார். நடுநிலைமை என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. அதைவிட இன்னொன்று பிடித்துவிட்டது. நேர்மாறு இல்லாத தாயத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்கை ஓட்டுவது என்பதையே ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று அவருக்கு அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது. அக்கா நின்றுகொண்டிருக்கும்போதே அவர் கணினிக்குத் திரும்பினார்.

அக்கா தூசு மிஸ்ஸைப் பார்த்தார். "பிள்ளை, நீங்களாவது..."

"அம்மா, எண்கள் எங்கட மூண்டு பேருக்கும் சொந்தம். கட்டுரை வெளிவராமல் தனியத் தர எனக்கு ஏலாது." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இப்படி வருத்தப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வருத்தப்பட்டு முடிந்ததும் சாப்பிடப் போவார்கள்.

திரும்பி நடக்கும்போது அக்கா ஒன்றே ஒன்று சொன்னார்: "தையல்காரி மகனுக்கு வெள்ளைச் சேட்டு மட்டும்தான் தைச்சுப் போடுவா. ஊத்தை படக் கூடாதாம்."

கூட்டம் நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒழுங்கைச் சனத்தில் பாதிப் பேர் வரவில்லை. விடுதியில் அக்கா வள்ளத்துக் கதையைச் சொல்லிவிட்டார் என்று அவர்கள் கோபத்தில் இருந்தார்கள். நிவாரணம் வெட்டுப்பட்டால் அவர்தான் பொறுப்பு என்று ஒருத்தி தெருவில் நின்று கத்தினாள். யாருடைய நிவாரணமும் வெட்டுப்படவில்லை. ஆனாலும் கோபம் கோபம்தான். வந்தவர்களும் பின்வரிசையில் இருந்தார்கள்.

ஆய்வுக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று அழைத்திருந்தார்கள். பெரிய சேர் வர்க்க சேரை அனுப்பியிருந்தார். தலைமை தாங்கிய அதிகாரி அவரிடம் கேட்டார், "ஏழைச் சனத்தின் பக்கம் தூசு கூட விழுது எண்டு முறைப்பாடு. உங்கட ஆய்வு என்ன சொல்லுது?"

அவர் எழுந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"எங்கள் தரவின்படி, ஆய்வுப் பிரதேசத்தில் வர்க்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. ஆகவே தூசுக்கும் வர்க்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கூற முடியாது."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்காகத்தான் அவரைப் படிப்பித்திருக்கிறார்கள்.

யாட்டின் மனேஜர் துள்ளி எழுந்தார். கைகளை விரித்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"கேட்டியளோ? படிச்சவை சொல்லுகினம். இந்த ஊரில ஏழை பணக்காரன் எண்டு ஒண்டும் இல்லை. எல்லாரும் ஒண்டு. தூசும் எல்லாருக்கும் ஒண்டு. நானும்தான் அதை மூக்கால இழுக்கிறன்!"

முன்வரிசையில் சிரித்தார்கள். மேட்டுத் தெருவில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கும் பெரியவரும் சிரித்தார்.

அக்கா எழுந்தார். "எல்லாரும் ஒண்டெண்டால், மனேஜர் ஐயா, உங்கட வீட்டு மொட்டை மாடியில என்ர பரணைப் போடட்டுமோ? கச்சான் முடியும் மட்டும்."

இப்போது பின்வரிசை சிரித்தது. கோபத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதிகாரி மேசையைத் தட்டினார். சிரிப்பைக் கூட்ட அறிக்கையில் எழுத வழியில்லை. வர்க்க சேர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அனுமதி கிடைத்துவிட்டது.

பரணை நானும் அக்காவுமாகக் கழற்றினோம். தடிகள் உப்பில் ஊறி இரும்புபோல் இருந்தன. ஒழுங்கைக்காரர் சிலர் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்ப்பதற்கு அவர்களுக்கு எப்போதும் நேரம் இருக்கும். முறைப்பாட்டில் கையெழுத்து வைக்கச் சொல்லி அக்கா அலைந்தபோதுதான் ஒருவரும் வீட்டில் இருக்கவில்லை. இரண்டு நாளில் மணலுக்குக் குறுக்கே தகர வேலி போட்டார்கள். வள்ளங்களை ஏற்றி வைக்கவும் இனி இடமில்லை என்பது அப்போதுதான் ஆண்களுக்கு விளங்கியது. அன்றைக்குக் கத்தினார்கள். வேலி கேட்டுக்கொண்டு நின்றது.

கொஞ்ச நாளில் மனேஜரே வீட்டுக்கு வந்தார். யாட்டில் ஆட்கள் கூடிவிட்டார்களாம், சமைக்க ஒருவர் வேண்டுமாம். "நாங்கள் ஒருத்தரையும் பட்டினி போடுற ஆக்கள் இல்லை அக்கா" என்றார், முற்றத்தில் நின்று, உதவி செய்கிறவரின் முகத்தோடு.

அக்கா மறுத்துவிடுவார் என்று நான் ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைப்பவர்கள் மூன்று நேரமும் சாப்பிட்டுப் பழகியவர்கள். நான் ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

"எத்தின பேருக்கு?" என்று கேட்டார் அக்கா.

மனேஜர் சொன்னார்.

"விறகுக்குச் சரிவராது. கேஸ் வேணும். பெரிய அடுப்பு."

"தாறம்."

"சமைக்கிற இடத்துக்குக் கூரையும் நாலு பக்கச் சுவரும் வேணும். கல்தூள் விழுந்த சோற்றை நான் ஒருத்தருக்கும் போட மாட்டன்."

மனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஓம், அது கட்டித்தாறம்" என்றார்.

கட்டிக் கொடுத்தார்கள். அந்த யாட்டில் தூசுக்கு எதிராக எழும்பிய சுவர்கள் அந்த நாலும்தான். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உலை வைத்தார். கல் உடைக்கும் வேலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் என் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய், முதலில் புறப்படுகிற பஸ் எது என்று கேட்டு அதில் ஏறினேன்.